30 கிலோபிட்டில் சைகை மொழி அழைப்பு: ஏவி1 போதுமா, ஏஐ வரைய வேண்டுமா?

வெள்ளோடை:
தினசரி டேட்டா தீர்ந்ததும் வேகம் 64 கிலோபிட்டுக்கு இறங்கிவிடுகிறதே, அந்த நிலையிலும் அறுபடாமல் ஓடுகிற வீடியோ அழைப்பு ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறோம். பயன்படுத்தப் போகிறவர்கள் சைகை மொழியில் பேசுபவர்கள். ஏற்ற இறக்கம் போக நம்பிக் கணக்குப் போடக்கூடியது நொடிக்கு 30 கிலோபிட்தான். டீமில் இரண்டு கட்சி. வீடியோவைச் சுருக்கி அனுப்புகிற ஏவி1 கோடெக்கை ஒழுங்காக முடுக்கினால் போதும் என்கிறது ஒன்று. அசைவுப் புள்ளிகளை மட்டும் அனுப்புவோம், மறுமுனையில் ஏஐ படத்தை வரைந்துகொள்ளட்டும் என்கிறது மற்றது. நான் இன்னும் எந்தப் பக்கமும் சாயவில்லை. அடித்துக்கொள்ளுங்கள், பார்க்கிறேன்.

நியூரான் நடராசன்:
இதில் சண்டைக்கு என்ன இருக்கிறது? என்விடியா 2020-லேயே மேக்சின் என்ற ஏஐ வீடியோ அழைப்புக் கருவியைக் காட்டிவிட்டது. முதலில் ஒரு முழுப் படம் போகும். அப்புறம் தலை எப்படித் திரும்புகிறது, வாய் எப்படி அசைகிறது என்ற புள்ளிகள் மட்டும். வழக்கமான எச்.264 கோடெக்குக்கு ஆகிற அலைவரிசையில் பத்தில் ஒரு பங்கு போதும் என்று அவர்களே ஆய்வுக் கட்டுரையும் எழுதினார்கள். 30 கிலோபிட்டில் ஏவி1 தருகிற முகம் மெழுகு பூசினாற்போல் இருக்கும். 1988-இல் எச்.261 கோடெக் வந்ததிலிருந்து அதே கதை: படத்தைக் கட்டம் கட்டமாக வெட்டு, எங்கே நகர்ந்தது என்று கணி, மிச்சத்தைச் சுருக்கு. இன்னும் எத்தனை காலம் அதையே தேய்த்துக்கொண்டிருப்பது?

பிட்கஞ்சன்:
தேய்த்ததில் என்ன கிடைத்தது என்று கணக்குப் பார்த்துவிடலாம். 176-க்கு 144 பிக்சல் அளவுள்ள சின்னப் படம், நொடிக்கு 10 ஃபிரேம். சுருக்காமல் அனுப்பினால் நொடிக்கு 30 லட்சம் பிட்டுக்குச் சற்று மேல். அதை 20 கிலோபிட்டில் அடக்க வேண்டுமென்றால் 150-இல் ஒரு பங்காக்க வேண்டும். ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது 2,000 பிட். அதில் 99 மேக்ரோபிளாக் இருக்கின்றன, ஆளுக்கு 20 பிட். ஒரு மேக்ரோபிளாக் என்பது 16-க்கு 16 பிக்சல் உள்ள கட்டம். அத்தனையையும் 20 பிட்டில் வரைய எந்தக் கொம்பனாலும் முடியாது.

ஆனால் எச்.263 கோடெக் காலத்திலேயே அதைச் செய்தார்கள், அதுவும் 28.8 கிலோபிட் தொலைபேசி மோடத்தில். பின்னால் இருக்கிற சுவர் அசையவில்லையா? அந்த மேக்ரோபிளாக்குக்கு ஒரே ஒரு பிட்: "மாற்றமில்லை". 99-இல் 80 சும்மா இருந்தால் அதற்கு ஆகிற செலவு 80 பிட். மீதி 1,900 பிட்டும் முகத்துக்கும் கைக்கும் போகிறது, ஆளுக்கு 100. வெள்ளோடைக்கு வேண்டியது இந்தக் கஞ்சத்தனம்தான், படம் வரைகிறவன் இல்லை.

இன்னொன்று. முகப் புள்ளி யோசனை 2020-இல் பிறந்ததும் இல்லை. எம்பெக்-4 வீடியோ தரநிலையிலேயே முகத்தை ஆட்டுவிக்க 68 அளவுருக்கள் வைத்திருந்தார்கள். இரண்டு மூன்று கிலோபிட்டில் முகம் பேசும் என்றார்கள். நிஜ அழைப்புகளில் அது பரவவே இல்லை.

நியூரான் நடராசன்:
அன்றைக்குக் கிடைத்தது பொம்மை முகம், இன்றைக்குக் கிடைப்பது உங்கள் முகம். அதனால்தான் அன்று பரவவில்லை.

"வரைகிறவன் வேண்டாம்" என்கிறீர்களே, உங்கள் ஏவி1 வரைவதில்லையா? படத்தில் மணல் தூவினாற்போல் தெரிகிற துகள் இரைச்சலை, சுருக்குகிற என்கோடர் துடைத்துப் போட்டுவிடுகிறது. அது எப்படி இருந்தது என்று நாலு எண்ணை அனுப்புகிறது. மறுமுனையில் அதை விரிக்கிற டிகோடர் புதிதாகத் துகளைத் தூவிக்கொள்கிறது. நீங்கள் பார்க்கிற துகள் கேமராவில் விழுந்ததே இல்லை. நிற விவரத்தில் முக்கால் பங்கை என்கோடருக்குள் நுழைவதற்கு முன்பே தூக்கிப் போடுகிறோம், அதற்கு யாரும் அழவில்லை. எல்லாக் கோடெக்கும் ஊகம்தான். நான் கொஞ்சம் கூடுதலாக ஊகிக்கச் சொல்கிறேன், அவ்வளவே.

விரல்நுனி:
நான் சைகை மொழிபெயர்ப்பாளர். கோடெக் உள்விவகாரம் அதிகம் தெரியாது. ஆனால் நீங்கள் இருவரும் முகத்தைச் சுற்றியே வருகிறீர்கள், கை எங்கே?

இதை ஏற்கனவே ஆட்களை வைத்துச் சோதித்திருக்கிறார்கள். அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் மொபைல்ஏஎஸ்எல் என்ற கைபேசிச் சைகை வீடியோத் திட்டம், 2006-இல் வந்த ஆய்வு. 320-க்கு 240 படம், 15, 20, 25 கிலோபிட். ஒரே பிட் அளவுக்குள் நொடிக்கு 15 ஃபிரேம் ஒரு பக்கம், 10 ஃபிரேம் ஒரு பக்கம் காட்டினார்கள். ஃபிரேம் குறைந்தாலும் ஒவ்வொன்றும் தெளிவாக இருந்த 10-ஐத்தான் பார்த்தவர்கள் சற்றுக் கூடுதலாக விரும்பினார்கள். முகத்துக்கு அதிக பிட் ஒதுக்கியும் பார்த்தார்கள். மிதமாக ஒதுக்கியது பிடித்தது. அளவுக்கு மீறி ஒதுக்கியது பிடிக்கவில்லை, முகத்துக்கு வாரிக் கொடுத்தால் கை குழம்பிவிடுகிறது.

சைகை பேசுகிறவரின் கண் பெரும்பாலும் எதிராளியின் முகத்தில்தான் நிற்கும், கையை ஓரப்பார்வையில் பிடிப்பார். அமெரிக்க சைகை மொழியில் புருவம் உயர்ந்தால் ஆம்-இல்லைக் கேள்வி. அதனால் முகம் வேண்டும். ஆனால் ஒவ்வோர் எழுத்தையும் விரலால் காட்டுகிற விரலெழுத்தில் இரண்டு விரல் விரித்தால் வி, மூன்று விரித்தால் டபிள்யூ. படம் மங்கினால் எதிராளி "மறுபடி" என்று கேட்பார். ஏஐ தெளிவாக மூன்று விரல் வரைந்துவிட்டால் யார் கேட்கப் போகிறார்கள்?

பிட்கஞ்சன்:
இதைத்தான் நான் சொல்ல வந்தேன், இவர் நறுக்கென்று சொல்லிவிட்டார். 2013-இல் ஜெர்மனியில் டேவிட் கிரீசல் ஒரு கட்டட வரைபடத்தை ஜெராக்ஸ் இயந்திரத்தில் ஸ்கேன் செய்தார். மூன்று அறைகளின் பரப்பளவும் 14.13 சதுர மீட்டர் என்று வந்தது. மூலத்தில் மூன்றும் வேறு வேறு. எண்களில் மங்கலே இல்லை, பளிச்சென்று இருந்தன. பார்த்தவர்களுக்குச் சந்தேகமே வராத அளவுக்குப் பளிச். தெளிவாகத் தெரிகிற தப்புதான் எமன்.

நியூரான் நடராசன்:
நல்ல உதாரணம், ஆனால் எடுத்தது தப்பான பெட்டியிலிருந்து. அது ஜேபிக்2 என்ற பழைய பாணிப் படச் சுருக்க முறை, உங்கள் கட்சி ஆள். ஒரே மாதிரி தெரிகிற எழுத்து வடிவங்களை ஒன்றுக்குப் பதில் ஒன்றாக ஒட்டியது. நியூரல் நெட்வொர்க் அதில் மருந்துக்கும் கிடையாது. ஆக, பொய் சொல்வது ஏஐயின் குணம் இல்லை. அனுப்பியதை மூலத்தோடு ஒப்பிடாமல் விட்டதுதான் வினை. என்கோடர் பக்கத்திலும் அதே மாடலை ஓட்டி, வரைந்தது நிஜத்திலிருந்து எங்கே விலகுகிறதோ அங்கே மட்டும் திருத்தப் பிட்டுகளை அனுப்பினால் போதும். முகம் புள்ளியில் போகட்டும், கை உங்கள் பழைய கோடெக்கிலேயே போகட்டும். அதற்கும் ஆட்சேபணையா?

அரைத்தூக்கம்:
நான் நெட்வொர்க் ஆள். 30 கிலோபிட்டும் படத்துக்கே என்று யார் சொன்னது? ஒவ்வொரு பாக்கெட்டின் முன்னாலும் முகவரிபோல் ஒட்டுகிற ஆர்டிபி, யுடிபி, ஐபி மூன்று தலைப்பும் சேர்ந்து பாக்கெட்டுக்கு 40 பைட், அதாவது 320 பிட். குரலை வழக்கமாக 20 மில்லிநொடிக்கு ஒரு பாக்கெட்டாக அனுப்புகிறார்கள், நொடிக்கு 50. தலைப்பு மட்டும் 16 கிலோபிட் தின்றுவிடும். ஒருவர் பேசுவதற்கு முன்பே பாதிக் காசு காலி! இது தெரியாமல் கோடெக்கை மாற்றி மாற்றிப் பார்க்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

சைகை அழைப்பில் குரலே வேண்டாம், அடியோடு நிறுத்துங்கள். கேட்கும் திறனுள்ள உறவினர் நடுவில் சேர்ந்தால் ஓபஸ் குரல் கோடெக்கை 60 மில்லிநொடிக்கு ஒரு பாக்கெட் என்று வையுங்கள், தலைப்புச் செலவு மூன்றில் ஒன்றாகும். படத்தை ஃபிரேமுக்கு ஒரு பாக்கெட் என்று அனுப்பினால் 10 ஃபிரேமுக்கு 3.2 கிலோபிட்தான்.

அப்புறம் கீஃபிரேம், அதாவது முந்தைய ஃபிரேமை நம்பாமல் தனியாக அனுப்புகிற முழுப் படம். அது ஒன்றுக்கு 20,000 பிட் ஆகிறது என்று வையுங்கள். 30 கிலோபிட் குழாயில் அது போய்ச் சேர நொடியில் மூன்றில் இரண்டு பங்கு. அதுவரை கை அந்தரத்தில் நிற்கும். ஆரம்பத்தில் ஒன்று அனுப்பியதோடு விட்டுவிடுங்கள். அதற்கப்புறம் ஃபிரேமுக்கு ஒரு பட்டையாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் புதுப்பிக்கலாம். எக்ஸ்264 என்கிற எச்.264 என்கோடரில் அதற்கென்றே இன்ட்ரா-ரெஃப்ரெஷ் என்று ஒரு தேர்வு இருக்கிறது.

வெள்ளோடை:
குரல் விஷயம் எங்களுக்குத் தோன்றவே இல்லை, நன்றி அரைத்தூக்கம். ஏவி1-இல் ஃபிரேமை 8 வகைப் பகுதிகள் வரை பிரித்து, ஒவ்வொன்றையும் எவ்வளவு நுணுக்கமாகச் சுருக்குவது என்று தனித்தனியே வைக்கலாம். முகம், கை, மீதி என்று மூன்றாகப் பிரித்துத் தொடங்குகிறோம்.

நடராசன், உங்கள் கலப்பு யோசனை பிடித்திருக்கிறது. ஆனால் அனுப்புகிற போனிலேயே அந்த மாடல் ஓட வேண்டும் என்கிறீர்கள். எங்கள் ஆட்களிடம் இருப்பது 8,000 ரூபாய் போன்.

நியூரான் நடராசன்:
2003-இல் எச்.264 வந்தபோது எந்த போனில் ஓடியது? சிப் வரும்.

பிட்கஞ்சன்:
வரட்டும். வெள்ளோடைக்கு ஆப் இந்த வருஷம் வேண்டும்.

வெள்ளோடை:
விரல்நுனி, சோதனைக்கு விரலெழுத்து வீடியோ பதிவு செய்து தர முடியுமா? படத் தர மதிப்பெண்களை நம்பி இறங்க எனக்கு மனமில்லை.

விரல்நுனி:
தருகிறேன். ஆனால் வெள்ளைச் சுவருக்கு முன்னால் மட்டும் நின்றால் பிட்கஞ்சனின் கணக்கு சுலபமாக ஜெயித்துவிடும். பாதியைப் பேருந்து நிலையத்தில் எடுக்கிறேன், பூப்போட்ட சேலை கட்டிக்கொண்டு. பார்க்கிறவர்கள் "நல்லா இருக்கா" என்று மதிப்பெண் போட வேண்டாம். என்ன சொன்னேன் என்று எழுதித் தரட்டும். புரியவில்லை என்று எழுதியதையும் தப்பாகப் புரிந்துகொண்டு எழுதியதையும் தயவுசெய்து ஒரே கணக்கில் கூட்டிவிடாதீர்கள்.