கையுறை போட்டாலும் கை கழுவ வைப்பது எப்படி?
வணக்கம் நண்பர்களே, ஒரு யோசனை வேண்டும். வார்டில் புதிதாகச் சேரும் நர்சுகளுக்கு நான்தான் கிருமித்தடுப்புப் பயிற்சி கொடுக்கிறேன். கையுறை போட்டால் போதும், கை கழுவ வேண்டாம் என்ற நினைப்பு மட்டும் போகவே மாட்டேன் என்கிறது. யூரின் பையைக் காலி செய்த அதே கையுறையோடு பக்கத்துக் கட்டில் நோயாளியின் ஐவி லைனை (ரத்தக்குழாயில் மருந்து ஏற்றும் குழாயை) தொடுகிறார்கள், பார்க்கவே பதறுகிறது. கையைச் சுத்தம் செய்ய ஆல்கஹால் ரப் (கையில் தேய்க்கும் கிருமிநாசினி) என்றால் 20 முதல் 30 விநாடி, சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 விநாடி என்ற உலக சுகாதார நிறுவனத்தின் படத்தைச் சுவரில் ஒட்டியாயிற்று, யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. கட்டிலருகே நின்று சொல்லிக்கொடுப்பதுதான் பலிக்கும் என்று தோன்றுகிறது, ஆனால் நோயாளி முன்னால் திருத்தினால் முகம் சுண்டிப்போகிறது. அப்புறம், புற ஊதா விளக்கில் ஒளிரும் ஜெல்லைக் கையில் தடவிக் கழுவச் சொல்லி, விடுபட்ட இடத்தைக் காட்டும் முறையை யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா? பழக்கம் உண்மையிலேயே மாறியதா? தயவுசெய்து விவரமாகச் சொல்லுங்கள்.