எட்டு பிட் விளையாட்டுகளில் முதலிடம் எதற்கு? என் ஓட்டு டாங்கிக்கு

கேசட்பெட்டி:
நின்டென்டோவின் எட்டு பிட் கருவியான ஃபேமிகாம் காலத்து விளையாட்டுகளைப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லாரும் சூப்பர் மரியோவை முதலிடத்தில் உட்கார வைத்துவிட்டு, இரண்டாம் இடத்துக்குத்தான் சண்டை போடுகிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. என் முதலிடம் பேட்டில் சிட்டிக்கு. எங்கள் தெருவில் அதற்குப் பெயர் 'டேங்க் கேம்'. நாம்கோ 1985-இல் ஜப்பானில் வெளியிட்டது. எங்கள் வீட்டுக்கு அது ஃபேமிகாமின் நகல் கருவியோடு வந்தது. கேசட்டின் மேல் லட்சக்கணக்கில் எண்ணிக்கை போட்டிருக்கும். உள்ளே இருந்தவை சில பத்து விளையாட்டுகள், அவையே வேறு வேறு கட்டத்திலிருந்து தொடங்கும்படி திரும்பத் திரும்ப வரும்.

இரண்டு பேர் ஒரே நேரத்தில், ஒரே திரையில், நம் தளமான ஒரே கழுகுச் சின்னத்தைக் காக்க வேண்டும். என் காரணம் அதுதான். மரியோவிலும் இரண்டாவது ஆளாக லூயிஜி உண்டு; ஆனால் மரியோ சாகும்வரை அவன் கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருக்க வேண்டும். இங்கே கட்டத்துக்கு 20 எதிரி டாங்கிகள். ஒருவர் மேலே போனால் இன்னொருவர் கழுகின் அருகே நிற்க வேண்டும். யார் நிற்பது என்று பேசி வைத்துக்கொள்ளாதவர்கள் வெகுதூரம் போவதில்லை.

மேகப்புதர்:
நண்பரே, நீங்கள் சொல்வது உடன் விளையாடியவரின் பெருமை. விளையாட்டின் பெருமை வேறு.

மரியோவின் முதல் கட்டத்தை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். அவன் திரையின் இடது பக்கம் நிற்கிறான், வலப்பக்கம் வெட்டவெளி. எங்கே போக வேண்டும் என்று ஒரு எழுத்துகூடத் திரையில் இல்லை, ஆனாலும் கை வலப்பக்கம்தான் அழுத்துகிறது. எதிரே கூம்பா என்ற சின்ன எதிரி வருகிறது. முட்டினால் சாவு; குதித்து மிதித்தால் அது நசுங்குகிறது. அடுத்து கேள்விக்குறிப் பெட்டியை முட்டுகிறோம், காளான் வெளியே வருகிறது. அது வலப்பக்கம் ஓடி, குழாயில் மோதி, நம்மை நோக்கியே திரும்புகிறது. எதிரி என்று பயந்து குதித்தாலும் தலைக்கு மேலே செங்கல் வரிசை இருப்பதால் முட்டிக்கொண்டு அதன் மீதே விழுகிறோம். மரியோ பெரியவனாகிறான். காளான் நல்லது என்று இப்படித்தான் தெரிந்துகொண்டோம். படிக்கத் தெரியாத குழந்தைக்கும் இந்தப் பாடம் புரியும்.

மரியோவை வடிவமைத்த மியாமோட்டோவும் தெசுகாவும் 40 கிலோபைட்டுக்குள் 32 கட்டங்களை அடைத்தார்கள். இடம் போதாததால் மேகத்தின் படத்தையே பச்சையாக்கிப் புதராக வைத்தார்கள். என் பெயர் அங்கிருந்து வந்ததுதான்.

கேசட்பெட்டி:
சிக்கனத்தைப் பேசினால் பேட்டில் சிட்டி 24 கிலோபைட்தான். அதற்குள் 35 கட்டங்கள். கூடவே, நம் விருப்பப்படி களத்தைக் கட்டிக்கொள்ளும் வசதியும்! மரியோ கற்றுக்கொடுத்தது உண்மை. ஆனால் மியாமோட்டோ போட்ட பாதையில்தான் நடக்க முடியும். திரை பின்னால்கூட நகராது.

களம் 13-க்கு 13 சதுரங்கள். நானும் தங்கையும் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் கோடு கிழித்து, செங்கல்லுக்கு 'செ', எஃகுக்கு 'எ', தண்ணீருக்கு 'த', காட்டுக்கு 'கா' என்று எழுதி வைப்போம். கருவியை அணைத்தால் கட்டிய களம் போய்விடும், அதனால் நோட்டுதான் எங்கள் நினைவகம். மறுநாள் மாலை பார்த்துப் பார்த்து மறுபடி கட்டுவோம். வேறு எந்த விளையாட்டும் எங்களை இப்படி யோசிக்க வைத்ததில்லை.

அருவிக்கரை:
இரண்டு பேர் சேர்ந்து ஆடுவதுதான் அளவுகோல் என்றால் ஓடிக்கொண்டே சுடும் கான்ட்ராவை விட்டுவிட்டு எப்படிப் பேசுகிறீர்கள்? கொனாமி, 1988. மூன்றாவது கட்டம் அருவி. இருவரும் பாறை பாறையாக மேலே ஏற வேண்டும். முன்னால் போகிறவர் ஏற ஏறத் திரையும் ஏறும். பின்தங்கியவர் திரைக்குக் கீழே போனால் செத்தார். என் அண்ணன் ஒருமுறைகூட எனக்காக நின்றதில்லை. 'நில்லு அண்ணா' என்று கத்தியபடி விழுந்திருக்கிறேன். பிறகு ஒருநாள் நான் முந்திக்கொண்டு ஏறினேன், அவன் விழுந்தான். அதற்கப்புறம் 'ஒன்று, இரண்டு, மூன்று' என்று எண்ணி ஒன்றாகக் குதிக்கத் தொடங்கினோம். கழுகின் பக்கத்தில் நின்று காவல் காப்பதைவிட இது பெரிய ஒற்றுமை.

மேகப்புதர்:
அருவி அருமைதான் சகோதரி, மறுக்கவில்லை. ஆனால் மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம், பி, ஏ என்று அழுத்தி 30 உயிர் வாங்காமல் கான்ட்ராவை முடித்தவர்கள் எத்தனை பேர்? கொனாமியின் விண்கல விளையாட்டான கிரேடியஸை ஃபேமிகாமுக்கு மாற்றியபோது, சோதித்துப் பார்க்கத் தனக்கே கடினமாக இருந்ததால் அங்கு வேலை செய்த கசுஹிசா ஹஷிமோட்டோ வைத்த குறுக்கு வழி அது. அந்தக் குறுக்கு வழியின் பெயரில் ஒரு விளையாட்டு நினைவில் நிற்கிறது என்றால், அதன் கடினம் சரியாக அளக்கப்படவில்லை என்றுதான் பொருள்.

அருவிக்கரை:
மூன்று உயிரோடு முடித்திருக்கிறேன். பல கோடை விடுமுறைகள் ஆயின. எதிரிகள் வரும் இடங்கள் பழகிவிடும்; எந்தப் பாறையில் யார் இருப்பான் என்பது கைக்குத் தெரியும். குண்டுகள் விரிந்து பாயும் 'எஸ்' துப்பாக்கி கிடைத்துவிட்டால் அதைக் காப்பாற்றுவதற்காகவே சாகாமல் ஆடுவோம். கடினம் அளக்கப்படவில்லை என்பதை நான் ஏற்கமாட்டேன்.

பொன்மலைவாசி:
கார் ஓட்டும் ரோட் ஃபைட்டரை ஒருவரும் சொல்லவில்லையே! மற்ற வண்டியில் உரசியதும் நம் வண்டி தறிகெட்டுப் போகும். அந்த ஒரு நொடியில் சரியான பக்கம் ஒடித்தால் தப்பலாம். பெட்ரோல் வேறு தீர்ந்துகொண்டே இருக்கும். முதலிடம் கேட்கவில்லை, பட்டியலில் ஓர் இடம் கொடுங்கள்.

மேகப்புதர்:
கொடுத்தாயிற்று. இப்போது டாங்கிக்கு வருகிறேன். எதிரிகள் பெரும்பாலும் குருட்டுத்தனமாகத் திரும்புகின்றன. 35 கட்டம் முடித்தால் பழைய களங்களே திரும்ப வருகின்றன. முடிவென்று ஒன்று கிடையாது. மரியோவில் ஓடிவந்து குதிப்பதற்கும் நின்று குதிப்பதற்கும் வித்தியாசம் உண்டு. பொத்தானை எவ்வளவு நேரம் பிடிக்கிறோமோ அவ்வளவு உயரம். அந்த நுட்பம் டாங்கியில் எங்கே?

கேசட்பெட்டி:
அந்த நுட்பம்தான் என் அப்பாவை மரியோவிலிருந்து விரட்டியது. ஒரு பொத்தானைப் பிடித்துக்கொண்டே இன்னொன்றை அழுத்த அவருக்குக் கடைசிவரை வரவில்லை. முதல் பள்ளத்தோடு கட்டுப்பாட்டுக் கருவியை என்னிடம் கொடுத்துவிடுவார். டாங்கியில் நான்கு திசை, ஒரு பொத்தான். வேலையிலிருந்து வந்து, சட்டையைக்கூட மாற்றாமல் தரையில் உட்கார்வார். கழுகின் இடப்பக்கத்தில் நிற்பார், அசையமாட்டார். ஒருநாள் பதற்றத்தில் திரும்பிச் சுட்டு, கழுகை அவரே உடைத்துவிட்டார். நம் குண்டுக்கும் கழுகு சாகும் என்பது எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது. 'இன்னொரு தடவை போடு' என்றார். நாற்பது வயதுக்காரரும் எட்டு வயதுக்காரனும் சரிசமமாக ஆட முடிந்தது. அதுவும் வடிவமைப்புத் திறமைதான், நண்பரே. அதை உடன் விளையாடியவரின் பெருமை என்று ஒதுக்காதீர்கள்.

மேகப்புதர்:
ஒதுக்கவில்லை. உங்கள் அப்பா சொல்லும் நியாயத்துக்கு என்னிடம் பதில் இல்லை. முதலிடத்தை மட்டும் விட்டுத்தர மாட்டேன்.

அருவிக்கரை:
அந்த நோட்டு இன்னும் இருக்கிறதா?

கேசட்பெட்டி:
இருக்கிறது. தங்கையின் களம் ஒன்றைச் சொல்கிறேன். மேலிருந்து நான்காவது வரிசை முழுக்கத் தண்ணீர், நடுவில் ஏழாவது சதுரம் மட்டும் வழி. எதிரிகள் எல்லாரும் அந்த ஒரு வாசலில்தான் வந்தாக வேண்டும்.

மேகப்புதர்:
வாசலுக்கு நேர் கீழே கழுகு. மேலே நடுவில் தோன்றும் டாங்கி கீழே பார்த்துச் சுட்டாலே போதும், உங்கள் கதை முடிந்தது.

கேசட்பெட்டி:
பத்தாவது வரிசையில், அதே ஏழாவது சதுரத்தில், 'எ' என்று எழுதியிருக்கிறாள்.