வானத்தில் மட்டும் தெரியும் கறுப்புப் புள்ளி

கேள்வி:
மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். தோட்டத்துக் கோயில் தீமிதியைப் படமெடுத்தேன். எஃப்/16-இல் (லென்ஸின் துளை சின்னது) எடுத்த எல்லாவற்றிலும் வானத்தின் வலது மேல் மூலையில் ஒரே கறுப்புப் புள்ளி. எஃப்/4-இல் (துளை பெரியது) காணோம். லென்ஸை மாற்றியும் போகவில்லை. செம்மண் சாலையோரம் நின்று லென்ஸ் மாற்றியதாலா? வாயால் ஊதலாமா அண்ணே?

பதில் 1:
லென்ஸை மாற்றியும் போகாததால், அந்தப் புள்ளி சென்சார் (கேமராவுக்குள் படம் பதியும் சில்லு) மேல் ஒட்டிய தூசி. வாயால் ஊதவே ஊதாதீர்கள் தம்பி. எச்சில் துளி பட்டால் தூசியைவிட மோசம். காற்று டப்பாவும் வேண்டாம், அதன் திரவம் சென்சார் மேல் தெறிக்கும்.

பேட்டரியை முழுதாக ஏற்றி, சென்சார் சுத்தம் செய்யும் மெனுவைத் திறந்து, கேமராவைக் கவிழ்த்துப் பிடியுங்கள். ரப்பர் பல்ப் ஊதியால் நாலைந்து முறை அழுத்துங்கள். அதன் மூக்கு உள்ளே நுழையக்கூடாது. பிம்பம் தலைகீழாக விழுவதால், முன்னாலிருந்து பார்த்தால் உங்கள் தூசி வலது கீழ் மூலையில் இருக்கும். பெரும்பாலும் இதிலேயே போய்விடும்.

பதில் 2:
போகாவிட்டால் ஈரத் துடைப்பான். சென்சார் உயரத்துக்கு ஏற்ற அகலமுள்ளதை வாங்குங்கள்: ஏபிஎஸ்-சி (சிறிய சென்சார்) என்றால் 16 மி.மீ, முழு ஃபிரேம் (பெரிய சென்சார்) என்றால் 24. திரவம் இரண்டு சொட்டு போதும். ஒரு பக்கத்தால் ஒரே இழுப்பு, மறுபக்கத்தால் திரும்ப ஒன்று, அப்புறம் அதைக் குப்பையில் போடுங்கள்.

பதில் 1:
சரி, இன்னொன்று. லயத்து வீட்டு அலமாரியில், தோல் பைக்குள் ஒரு மழைக்காலம் முழுக்க என் 50 மி.மீ லென்ஸை வைத்திருந்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் உள்கண்ணாடியில் சிலந்தி நூல்போலப் பூஞ்சை. துடைத்தும் பூச்சில் தடம் நின்றுவிட்டது. நம் ஊர் ஈரத்துக்கு மூடி இறுகும் டப்பாவும் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லும் கட்டாயம் தம்பி.