ஆழத்தில் தலை மந்தமாகிவிட்டது, நாளை மறுநாள் மறுபடி டைவ் - அவசர உதவி

மணல்நண்டு | இரவு 9:14
வணக்கம். அவசரமாகக் கேட்கிறேன், நாளை மறுநாள் காலை டைவ் இருக்கிறது. இன்று மூழ்கிக் கிடக்கும் ஒரு கப்பலைப் பார்க்க இறங்கினோம். கீழே போய்ச் சில நிமிடத்தில் தலை மந்தமாகிவிட்டது. கையில் கட்டியிருக்கும் டைவ் கம்ப்யூட்டரைப் பார்க்கிறேன், எண் தெரிகிறது, அது என்ன சொல்கிறது என்று மண்டையில் ஏறவில்லை. மூன்று நான்கு தடவை பார்த்திருப்பேன். கூட்டிப்போனவர் காற்று எவ்வளவு மிச்சம் என்று சைகையில் கேட்டதற்கு நான் 'ஓகே' என்றே காட்டிக்கொண்டிருந்தேனாம். கடைசியில் கையைப் பிடித்து மேலே கொண்டுவந்தார். கொஞ்சம் ஏறியதும் எல்லாம் சரியாகிவிட்டது. அடுத்த டைவ் இதைவிட ஆழம், 40 என்கிறார்கள். இப்படி ஆகாமல் இருக்க வழி உண்டா? மாத்திரை, மூச்சுப் பயிற்சி, எதுவானாலும் சொல்லுங்கள்.

கடல்குதிரை | இரவு 9:31
இன்று எத்தனை மீட்டர்? சாதாரணக் காற்றா, ஆக்சிஜன் கூட்டிய நைட்ராக்ஸா? எந்த நிலைச் சான்றிதழ், இதுவரை எத்தனை டைவ்? இதெல்லாம் தெரியாமல் என்ன சொன்னாலும் குருட்டாம்போக்குதான். இன்னொன்று, இப்போது மூட்டு வலி, மரத்துப்போதல், தலைசுற்றல் ஏதாவது இருக்கிறதா? இருந்தால் இங்கே காத்திருக்காமல் டைவிங் தெரிந்த மருத்துவரிடம் பேசுங்கள்.

தக்கை | இரவு 9:40
ஆழம் சொல்லாவிட்டாலும் இது நைட்ரஜன் மயக்கம் மாதிரிதான் தெரிகிறது. ஏறியதும் தெளிந்துவிட்டது என்கிறீர்களே, அதுதான் அதன் குணம். ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு பார் அழுத்தம் கூடுகிறது. 30 மீட்டரில் மொத்தம் 4 பார், அதில் நைட்ரஜனின் பங்கு மட்டும் 3 பாருக்கு மேல். மேலே நம்மை ஒன்றும் செய்யாத அதே நைட்ரஜன் அங்கே மயக்க மருந்து மாதிரி நரம்பில் வேலை காட்டுகிறது. 1935ல் ஆல்பர்ட் பென்க்கி என்ற அமெரிக்கக் கடற்படை மருத்துவரும் அவருடன் வேலை செய்தவர்களும்தான் இதற்குக் காரணம் நைட்ரஜன் என்று எடுத்துச் சொன்னார்கள். இதற்கு மாத்திரை கிடையாது. மேலே ஏறுவதுதான் மருந்து.

ஆழ்நோக்கி | இரவு 9:52
கேட்பதற்கு முன்னால் பாடப் புத்தகத்தைத் திறந்திருக்கலாம் தம்பி. முதல் நிலைச் சான்றிதழுக்கு 18 மீட்டர், அடுத்த நிலைக்கு 30, ஆழப் பயிற்சியைத் தனியாக முடித்தவருக்கு 40. பொழுதுபோக்கு டைவிங்கில் அதுதான் கடைசிக் கோடு. மாத்திரை கேட்கிறவர் 40க்குத் தயாரில்லை, என் பதில் அவ்வளவுதான். இதையே வருடக்கணக்காக எழுதிக்கொண்டிருக்கிறேன், யாரும் படிப்பதில்லை, வந்ததும் அவசரம் என்கிறார்கள்.

கடல்குதிரை | இரவு 9:58
ஆழ்நோக்கி அண்ணா, நீங்கள் சொன்ன எண்களில் தப்பில்லை. ஆனால் அவர் பயந்துபோய் வந்திருக்கிறார். இப்படி அதட்டினால் அடுத்த தடவை யாரையும் கேட்காமலே இறங்கிவிடுவார்.

மணல்நண்டு | இரவு 10:07
மன்னிக்கவும். காற்றுதான், 12 லிட்டர் சிலிண்டர். அட்வான்ஸ்டு (இரண்டாம் நிலை) முடித்திருக்கிறேன், இதோடு 14 டைவ். 30 மீட்டர் என்று சொல்லித்தான் கூட்டிப்போனார்கள். வலி, மரத்துப்போதல் ஒன்றும் இல்லை.

கடல்குதிரை | இரவு 10:09
சொன்னது இருக்கட்டும். கம்ப்யூட்டரில் லாக், அதாவது டைவ் பதிவை எடுத்து அதிகபட்ச ஆழம் என்ன என்று பாருங்கள்.

மணல்நண்டு | இரவு 10:15
38.4. எனக்கே இப்போதுதான் தெரிகிறது.

துடுப்பு | இரவு 10:29
எல்லாரும் நைட்ரஜன் நைட்ரஜன் என்கிறீர்கள். 38 மீட்டரில் எல்லாருக்கும் கொஞ்சம் மந்தம் இருக்கும்தான், ஆனால் எண்ணைப் பார்த்தும் புரியாத அளவுக்கு ஒருவருக்கு ஆகிறது என்றால் நான் முதலில் கார்பன் டை ஆக்சைடைத்தான் சந்தேகப்படுவேன். அது நைட்ரஜனைவிடப் பல மடங்கு மயக்கும், இரண்டும் சேர்ந்தால் ஒன்றை ஒன்று ஏற்றிவிடும். மணல்நண்டு, மூன்று கேள்வி. நீரோட்டத்தை எதிர்த்து நீந்தினீர்களா? மேலே வந்த பிறகு தலைவலி இருந்ததா? காற்றை மிச்சம் பிடிக்க மூச்சை நிறுத்தி நிறுத்தி விட்டீர்களா?

அலையாடி | இரவு 10:34
படகில் குமட்டலுக்கு மாத்திரை போட்டீர்களா என்று யாருமே கேட்கவில்லையே. அந்த மாத்திரைகளில் பலவும் தூக்கம் வரவைப்பவை. என் அனுபவத்தில் புதியவர்களின் பாதிக் கதை இதில்தான் முடிகிறது.

வெண்சங்கு | இரவு 10:41
சிலிண்டரில் அடைத்த காற்றே கெட்டுப்போயிருக்கலாம். கம்ப்ரஸரின் காற்று இழுக்கும் வாய்க்குப் பக்கத்தில் எஞ்சின் புகை இருந்தால் போதும், கார்பன் மோனாக்சைடு உள்ளே வந்துவிடும், ஆழத்தில் அதன் அழுத்தமும் அத்தனை மடங்கு கூடும். நான் காற்றை முகர்ந்து பார்க்காமல் இறங்குவதே இல்லை.

தக்கை | இரவு 10:50
வெண்சங்கு, மோனாக்சைடுக்கு மணமே கிடையாது. முகர்ந்தால் எண்ணெய் வாடையும் புகை வாடையும் வேண்டுமானால் தெரியும், நல்லதுதான், ஆனால் மோனாக்சைடுக்குத் தனிக் கருவி வைத்துத்தான் பார்க்க வேண்டும். அதுவும் இல்லாமல் அது ரத்தத்தில் ஒட்டிக்கொண்டால் போக மணிக்கணக்காகும். கொஞ்சம் ஏறியதும் தெளிந்தது என்றால் அதுவாக இருக்க வாய்ப்புக் குறைவு. அதே கம்ப்ரஸரில் நிரப்பிய மற்றவர்களுக்கு ஏதாவது ஆனதா என்று கேட்டுப் பார்க்கலாம்.

மணல்நண்டு | இரவு 11:02
மற்றவர்கள் நன்றாகத்தான் இருந்தார்கள். மாத்திரை போட்டேன், காலையில் ஒன்று. கயிற்றைப் பிடித்துத்தான் இறங்கினோம், ஆனால் கப்பலின் பின்பக்கம் போக நீரோட்டத்தில் நன்றாக உதைக்க வேண்டியிருந்தது. தலைவலி சாயங்காலம் வரை இருந்தது, வெயில் என்று நினைத்தேன். மூச்சு... ஆமாம், என் காற்றுதான் எப்போதும் முதலில் தீரும், என்னால் மற்றவர்களும் ஏற வேண்டியதாகிறது, அதனால் ஒவ்வொரு மூச்சுக்கும் நடுவில் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்வேன்.

துடுப்பு | இரவு 11:16
அந்தக் கடைசி வரியை முதலிலேயே எழுதியிருந்தால் இவ்வளவு நீளம் வந்திருக்காது. நிறுத்தி நிறுத்தி மூச்சு விடுவதில் காற்று மிச்சமாவதைவிட உடம்பில் கார்பன் டை ஆக்சைடு தேங்குவதுதான் அதிகம். பிறகு வரும் தலைவலி அதன் முத்திரை.

இதோடு காற்றின் அடர்த்தியையும் சேர்த்துப் பாருங்கள். மேலே ஒரு லிட்டர் காற்றின் எடை 1.3 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. 38 மீட்டரில் அதே ஒரு லிட்டர் கிட்டத்தட்ட 6 கிராம். கெட்டியான காற்றை நுரையீரல் உள்ளே இழுத்து வெளியே தள்ளவே அதிகம் உழைக்க வேண்டும், அதனால் கழிவு வாயு முழுதாக வெளியேறாது. கேவின் ஆண்டனியும் சைமன் மிட்செலும் 2016ல் எழுதிய கட்டுரையில் லிட்டருக்கு 5.2 கிராமுக்குள் இருப்பது நல்லது, 6.2ஐத் தாண்டவே கூடாது என்றார்கள். சாதாரணக் காற்றில் 5.2 என்பது 31 மீட்டர், 6.2 என்பது 40ஐத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்னால். நீங்கள் அந்த இரண்டாவது எல்லைக்குப் பக்கத்தில் போய் நீரோட்டத்தை எதிர்த்து உதைத்து, மூச்சையும் பிடித்திருக்கிறீர்கள். மாத்திரையும் சேர்ந்திருக்கலாம், அலையாடி சொன்னதை நான் தள்ளவில்லை.

பவளப்பாறை | இரவு 11:25
சுலபமான வழி இருக்கிறதே, நைட்ராக்ஸ் 32 எடுங்கள், அதில் 32 சதவீதம் ஆக்சிஜன். நைட்ரஜன் குறைவு, மயக்கமும் குறைவு. நான் அதற்கு மாறிய பிறகு தலை தெளிவாக இருக்கிறது.

தக்கை | இரவு 11:33
இது எல்லாரும் நம்பும் தப்பு. கொழுப்பில் எவ்வளவு கரைகிறது என்று பார்த்தால் ஆக்சிஜன் நைட்ரஜனைவிடக் கூடுதலாகவே கரையும், அதனால் அதுவும் மயக்கும் என்று எடுத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு. நைட்ராக்ஸ் தருவது கீழே கூடுதல் நேரம், தெளிவு இல்லை. அப்புறம் 40 மீட்டரில் 32ஐ இழுத்தால் ஆக்சிஜன் அழுத்தம் 1.6 பார். 1.4 என்ற வேலை எல்லைக்குள் நிற்க வேண்டுமானால் 33 மீட்டரோடு நிறுத்த வேண்டும், ஆக்சிஜன் அழுத்தம் கூடிப்போனால் வலிப்பு வரலாம். மயக்கத்துக்குப் பயந்து வலிப்பை வாங்கிக்கொள்ளச் சொல்கிறீர்கள். உண்மையாகவே தெளிவு வேண்டும் என்றால் ஹீலியம் கலந்த டிரைமிக்ஸ், அது 14 டைவ் முடித்தவருக்கான பேச்சே இல்லை.

பவளப்பாறை | இரவு 11:38
எனக்கு வித்தியாசம் தெரிகிறது. அதை இல்லை என்று எப்படிச் சொல்வீர்கள்?

பழைய நங்கூரம் | இரவு 11:47
இந்த 40 மீட்டர் பயம் எல்லாம் பின்னால் வந்தது. பிரிட்டனின் பிஎஸ்ஏசி என்ற டைவிங் சங்கம் காற்றில் 50 வரை அனுமதிக்கிறது, பிரான்சில் தகுந்த நிலை முடித்தவருக்கு 60 வரை உண்டு. அவர்கள் எல்லாம் முட்டாள்களா? நான் 50க்கு எத்தனையோ தடவை போயிருக்கிறேன். படிப்படியாகப் போனால் உடம்பு பழகிவிடும்.

ஆழ்நோக்கி | இரவு 11:55
அவர்கள் முட்டாள்கள் இல்லை. அந்த ஆழத்துக்கு அவர்கள் எத்தனை டைவ், எத்தனை நிலை கேட்கிறார்கள் என்பதையும் எழுதியிருக்க வேண்டும், பாதியை மட்டும் எழுதினால் படிக்கிற பையன் 50க்கு இறங்குவான். அதே காலத்தில் ஜியூஇ மாதிரி டைவிங் பயிற்சி அமைப்புகள் 30 மீட்டருக்குக் கீழே காற்றே வேண்டாம் என்கின்றன, அதையும் சொல்லுங்கள். உடம்பு பழகுவதும் இல்லை. போதை குறைந்த மாதிரி மனதுக்குத் தோன்றும், ஆனால் கணக்குப் போடச் சொல்லி, கை வேலை கொடுத்துச் சோதித்தால் தடுமாற்றம் பெரிதாகக் குறைவதில்லை. பழகியது தடுமாற்றத்தோடு வேலை செய்யும் முறை மட்டும்தான்.

பழைய நங்கூரம் | நள்ளிரவு 12:04
30 வருடமாக உயிரோடு இருக்கிறேன், அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

ஆழ்நோக்கி | நள்ளிரவு 12:12
அதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் 1947ல் பிரெஞ்சுக் கடலாய்வாளர் கூஸ்தோவின் குழுவில் இருந்த மொரிஸ் ஃபார்க் உங்களைவிடவும் என்னைவிடவும் அனுபவசாலி. கயிற்றில் ஆழத்துக்கொன்றாகக் கட்டியிருந்த பலகைகளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே காற்றில் 120 மீட்டர் வரை இறங்கினார், மேலே வந்தபோது உயிர் இல்லை. எகிப்தின் தஹாபில் நீலக் குழி என்ற கடல் குழியில் வெளிக்கடலுக்குத் திறக்கும் பாறை வளைவு இருப்பது ஏறக்குறைய 55 மீட்டரில். அங்கே ஒற்றைச் சிலிண்டர் காற்றோடு போய்த் திரும்பாதவர்களின் பெயர்களைக் கரைப் பாறையில் பதித்து வைத்திருக்கிறார்கள்.

கடல்குதிரை | நள்ளிரவு 12:20
இருவரும் கொஞ்சம் நிறுத்துங்கள், கேட்டவர் 50க்குப் போகவில்லை. மணல்நண்டு, நீங்கள் ஏற ஆரம்பித்தபோது சிலிண்டரில் எத்தனை பார் இருந்தது?

மணல்நண்டு | நள்ளிரவு 12:26
சரியாகத் தெரியவில்லை. 70 என்று அவர் சொன்னார். தூங்கப் போகிறேன், காலையில் படிக்கிறேன்.

கடல்குதிரை | காலை 6:48
அப்படியானால் காலையில் இதைப் படியுங்கள். 38 மீட்டரில் அழுத்தம் 4.8 பார். அங்கே உங்கள் கூட்டாளியின் காற்று தீர்ந்து, இரண்டு பேரும் உங்கள் சிலிண்டரில் ஏறுகிறீர்கள் என்று வையுங்கள். ஒருவருக்கு நிமிடத்துக்கு 20 லிட்டர், இரண்டு பேருக்கு 40. நிலைமை புரிந்து கிளம்ப 2 நிமிடம், அதற்கு 384 லிட்டர். நிதானமாக ஏற 4 நிமிடம், சராசரி 2.9 பார், அதற்கு 464. பாதுகாப்புக்காக 5 மீட்டரில் 3 நிமிடம் நிற்க 180. மொத்தம் 1,028 லிட்டர். 12 லிட்டர் சிலிண்டரில் அது 86 பார். உங்களிடம் 70 இருந்தது. நான் போட்டதும் அமைதியான ஆளின் கணக்கு, பயந்தவர் இரண்டு மடங்கு இழுப்பார்.

மயக்கம் தானாக யாரையும் கொல்வது அபூர்வம். அது காற்று அளவுகாட்டியைப் பார்க்க மறக்கவைக்கும், அல்லது உங்களுக்கு நேர்ந்தது போலப் பார்த்தும் புரியாமல் செய்யும், ஆளை எடுப்பது அதற்குப் பிறகு நடப்பது. 40 மீட்டரில் டீகோ, அதாவது ஏறும்போது கட்டாயமாக நின்று நைட்ரஜனை வெளியேற்றும் வேலை, இல்லாமல் இருக்கக் கிடைப்பதும் 10 நிமிடத்தை ஒட்டித்தான், புரியாத தலையோடு அது எப்போது போனது என்றே தெரியாது. அதனால் எத்தனை பாரில் திரும்புவது, எத்தனை மீட்டருக்குக் கீழே போவதில்லை என்ற இரண்டையும் படகிலேயே முடிவு செய்து, கூட்டாளியிடம் சொல்லி, சிலேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். கீழே போன பிறகு முடிவு எடுக்க வேண்டிய நிலையே வரக்கூடாது. 25 மீட்டரில் ஒரு தடவை நின்று மூச்சை ஆழமாக, தொடர்ச்சியாக விடுங்கள். கூட்டாளி இரண்டு விரல் காட்டினால் நீங்கள் மூன்று காட்ட வேண்டும், தாமதமானால் இருவரும் ஏற வேண்டும். அந்தச் சோதனையும் முழுதாக நம்பக்கூடியது இல்லை, ஆனால் ஒன்றும் இல்லாததற்கு மேல்.

நாளைய 40 வேண்டாம். 30 என்று சொல்லி 38க்குக் கூட்டிப்போனவர்களிடம் லாக்கைக் காட்டிக் கேளுங்கள்.

துடுப்பு | காலை 7:15
இதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். காற்று சீக்கிரம் தீராமல் இருக்க மூச்சைப் பிடிப்பது வழி இல்லை. எடையைச் சரிபார்த்து, உடம்பைக் கிடையாக வைத்து, மெதுவாக உதையுங்கள், தானாகக் குறையும். ஏறும்போது மட்டும் எக்காரணம் கொண்டும் மூச்சைப் பிடிக்காதீர்கள், அப்போது நுரையீரலில் இருக்கும் காற்று விரியும்.

ஆழ்நோக்கி | காலை 7:40
கடல்குதிரையின் கணக்கு சரி. நான் நேற்று அதட்டியிருக்க வேண்டாம். முதலில் 20, 25 மீட்டரில் ஒரு முப்பது டைவ் போடு தம்பி. கப்பல் அங்கேயேதான் கிடக்கும்.

(மூன்று நாள் கழித்து)

மணல்நண்டு | மாலை 5:22
தாமதத்துக்கு மன்னிக்கவும். லாக்கைக் காட்டினேன். அவருக்கும் நான் அவ்வளவு கீழே போனது மேலே ஏற்றும்போதுதான் தெரிந்ததாம், முன்னால் போய்க்கொண்டிருந்திருக்கிறார். 40 மீட்டர் டைவை விட்டுவிட்டு அதே கப்பலுக்கு மறுபடி போனோம், மேல்தளம் 27ல் இருக்கிறது, அதற்குக் கீழே இறங்கவில்லை. 100 பாரில் திரும்பினேன். மூச்சைப் பிடிக்கவில்லை, காற்று சீக்கிரம்தான் தீர்ந்தது, யாரும் ஒன்றும் சொல்லவில்லை. தலைவலி வரவில்லை. எல்லாருக்கும் நன்றி.

அலையாடி | மாலை 5:40
நல்ல செய்தி. அன்று காலையும் அந்த மாத்திரை போட்டீர்களா, இல்லையா? அதைச் சொன்னால்தான் எது காரணம் என்று பிரித்துப் பார்க்க முடியும்.

அலையாடி | மறுநாள் காலை 8:05
மணல்நண்டு, இருக்கிறீர்களா?