டெர்மினலில் திறந்தால் ஓடுகிறது, ஐகானைத் தட்டினால் 'கோ' இல்லை என்கிறது ஈமாக்ஸ்

கேள்வி:
உபுண்டு 24.04 லினக்ஸ், க்னோம் டெஸ்க்டாப், வேலண்ட் டிஸ்ப்ளே. கோ நிரலாக்க மொழியை இறக்கி நிறுவி, டெர்மினல் திறக்கும்போது ஓடும் .பாஷ்ஆர்சி கோப்பின் அடியில் பாத் வரியை (கட்டளைகளை எந்த ஃபோல்டர்களில் தேட வேண்டும் என்பது) சேர்த்தேன். டெர்மினலில் 'கோ வெர்ஷன்' அடித்தால் ஒழுங்காகப் பதில் வருகிறது. அங்கிருந்தே ஈமாக்ஸ் எடிட்டரைத் திறந்தாலும் கம்பைல் ஆகிறது. ஆனால் டாக்கில் இருக்கும் ஐகானைத் தட்டித் திறந்தால், அதே ஈமாக்ஸ், அதே கோப்பு, கோ என்று ஒன்று இல்லவே இல்லை என்கிறது. .பாஷ்ஆர்சியை மறுபடி படிக்கவைக்கும் சோர்ஸ் கட்டளையைப் பத்து முறை கொடுத்துவிட்டேன், ரீஸ்டார்ட்டும் ஆகிவிட்டது. ஈமாக்ஸை நீக்கிவிட்டு மறுபடி போடுவதா?

பதில் 1:
ஈமாக்ஸ் மேல் கை வைக்காதீர்கள், அது ஒரு தப்பும் செய்யவில்லை. ஒரு ப்ராசஸை (ஓடும் ப்ரோக்ராமை) துவக்குவது யாரோ, அவரிடமிருந்துதான் அது பாத் போன்ற என்விரான்மென்ட் மாறிகளை வாங்கிக்கொள்ளும். டெர்மினலில் திறக்கும்போது துவக்குவது பாஷ் (கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல்), அது .பாஷ்ஆர்சியைப் படித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறது. ஐகானைத் தட்டும்போது திறந்துவிடுவது க்னோம். நீங்கள் லாகின் செய்தபோதே கிளம்பிவிட்ட அதற்கு, ஏதோ ஒரு டெர்மினல் ஜன்னலில் நீங்கள் சோர்ஸ் கொடுத்தது எப்படித் தெரியும்? சோதித்துப் பாருங்கள்: ஐகானில் திறந்த ஈமாக்ஸில் எம்-எக்ஸ் (ஆல்ட்+எக்ஸ்) அழுத்தி கெட்என்வ், அப்புறம் பாத். கீழே வரும் நீளமான வரியில் கோ இருக்காது.

பாத் வரியை, லாகினில் படிக்கப்படும் .ப்ரொஃபைலுக்கு மாற்றி, லாக்அவுட் செய்துவிட்டு வாருங்கள். ஸ்க்ரீனை லாக் செய்து திறப்பது போதாது.

கேட்டவர்:
பார்த்தேன், இல்லைதான். ஆனால் .ப்ரொஃபைலுக்குள்ளேயே .பாஷ்ஆர்சியைக் கூப்பிடும் வரி ஏற்கெனவே இருக்கிறதே? அப்படியானால் வந்திருக்க வேண்டாமா?

பதில் 2:
எல்லாரும் வழுக்கி விழும் இடம் இது. .பாஷ்ஆர்சியின் தலைமாட்டில் 'கேஸ் $-' என்று தொடங்கும் நாலு வரி இருக்கும், பாருங்கள். ஷெல் இன்டராக்டிவ் (ஆள் உட்கார்ந்து கட்டளை அடிப்பது) இல்லை என்றால் அங்கேயே ரிட்டர்ன். லாகினில் க்னோம் ஓட்டுவது லாகின் ஷெல்தான், ஆனால் இன்டராக்டிவ் இல்லை, அதனால் வாசலோடு திரும்பிவிடும், நீங்கள் அடியில் எழுதிய வரி வரைக்கும் போகவே போகாது. அந்த நாலு வரியை அழித்துவிடச் சொல்லி யாராவது வந்தால் கேட்காதீர்கள். பிறகு .பாஷ்ஆர்சி எதையாவது அச்சிட்டு, எஸ்சிபியில் வேறு கணினிக்குக் கோப்பு அனுப்புவது கெட்டுப்போய், அதற்கு ஒரு தனி இழை திறக்க வேண்டியிருக்கும்.

கேட்டவர்:
சரி, மாற்றினேன், லாக்அவுட் செய்து வந்தேன். இன்னும் அதேதான்.

பதில் 1:
ஹோம் ஃபோல்டரில் 'எல்எஸ் -ஏ' கொடுங்கள். .பாஷ்_ப்ரொஃபைல் என்று ஒன்று இருக்கிறதா? லாகின் ஷெல்லாக ஓடும் பாஷ் முதலில் .பாஷ்_ப்ரொஃபைல், அடுத்து .பாஷ்_லாகின், கடைசியில் .ப்ரொஃபைல் என்று தேடும். முதலில் கிடைத்ததைப் படித்துவிட்டு மற்றதைத் திரும்பியும் பார்க்காது.

கேட்டவர்:
இருக்கிறது! நான் உருவாக்கியதே இல்லை. போன மாதம் போட்ட ஒரு கருவியின் இன்ஸ்டாலர் ஒற்றை வரியோடு வைத்துவிட்டுப் போயிருக்கிறது. அந்த வரியை .ப்ரொஃபைலுக்குக் கொண்டுபோய்விட்டு இதை அழித்தேன். லாக்அவுட், லாகின், ஐகான். கம்பைல் ஆகிவிட்டது. நன்றி.

பதில் 3:
பின்னால் வருபவர்களுக்கு: பாஷுக்குப் பதில் இஸட்ஷெல் வைத்திருந்தால் இந்தப் பாத் வரி .இஸட்ப்ரொஃபைலில் இருக்க வேண்டும். .கான்ஃபிக் அடியில் என்விரான்மென்ட்.டி ஃபோல்டரில் .கான்ஃப் கோப்பு வைக்கும் வழியும் உண்டு, ஆனால் அதைப் படிப்பது லினக்ஸில் சேவைகளைத் துவக்கும் சிஸ்டம்டி, ஷெல் இல்லை. அதில் எக்ஸ்போர்ட் போடக் கூடாது, ஹோம் ஃபோல்டரைக் குறிக்கும் ~ குறியும் விரியாது, $ஹோம் என்றே எழுத வேண்டும். அந்த ~ குறிக்கு ஒரு சாயங்காலம் முழுக்கப் போனது எனக்கு.