புதுப்பிப்பு: மூக்கடைப்பு ஸ்பிரேயை விட்டாயிற்று

சைலோமெட்டாசோலின் ஸ்பிரே அடிக்காமல் தூங்கவே முடியவில்லை, எப்படி நிறுத்துவது என்று முன்பு கேட்டிருந்தேன். இப்போது இரண்டு நாசியும் அது இல்லாமலே திறந்திருக்கின்றன.

கைகொடுத்தது ஒவ்வொரு பக்கமாக நிறுத்தும் வழிதான். இடது நாசிக்கு அறவே கிடையாது. வலதுக்கு மட்டும் வழக்கம்போல். இடது பக்கம் கல்லாய் அடைத்துக்கொண்டது, தலையும் கனத்தது. ஆனால் வலது வழியாக மூச்சு ஓடியதால் பீதி வரவில்லை. நடுநிசியில் கையைக் குப்பியிடம் இழுத்துச் செல்வது அந்தப் பீதிதானே! இடது தானாகத் திறந்த பிறகு வலதையும் நிறுத்தினேன். தலையணையைச் சற்று உயர்த்தி வைத்தது உதவியது.

மருத்துவர் புளூட்டிகசோன் என்ற ஸ்டீராய்டு ஸ்பிரேயை முன்கூட்டியே தொடங்கச் சொன்னார். அடித்த மாத்திரத்தில் அது எதையும் திறக்காது. முழுப் பலன் தெரியச் சில நாட்களாவது ஆகும். முனையை மூக்கின் நடுச்சுவரை நோக்கி வைக்காமல் காதுப் பக்கம் சாய்த்து அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் இரத்தம் கசியலாம்.

“ஒவ்வாமையாக இருக்குமோ?” என்று கேட்டவர்களுக்கு: இல்லையாம். பழைய மருந்து மூக்கின் இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. தொடர்ந்து அடித்தால், அதன் வேகம் தணிந்ததும் அவை மீண்டும் வீங்கி அடைக்கின்றன. சில நாட்களுக்கு மேல் வேண்டாம் என்று பெட்டியிலேயே அச்சிட்டிருக்கிறார்கள், எறும்பு அளவு எழுத்தில்.

புளூட்டிகசோனை எப்போது குறைப்பது என்பது அடுத்த சந்திப்பில்தான் தெரியும்.