டிரஸ்ட் பத்திரம் மட்டும் போதுமா?

நத்தம்ரோடு: வாடகை வீட்டில் ஆதரவற்ற பெரியவங்க 11 பேரை வெச்சுப் பார்த்துக்கிறேன். டிரஸ்ட் பதிவாகியிருக்கு. போன வாரம் விஏஓ வந்து, "இது முதியோர் இல்லமா, லாட்ஜா? லைசென்ஸ் எங்கே?"ன்னார். முழிச்சேன். நேத்து சமையல்காரக்கா வேற, பஸ் ஸ்டாண்டுல தனியா நின்ன ஏழு வயசுப் பையனைக் கூட்டிட்டு வந்துட்டாங்க.

பழைய_குமாஸ்தா: ஐயா, முதல்ல பையன். 24 மணி நேரத்துக்குள்ள தகவல் சொல்லியாகணும். இப்பவே குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அடிங்க. 2015 இளஞ்சிறார் நீதிச் சட்டம் 41-ஆம் பிரிவுப்படி பதிவு வேணும்; பதிவில்லாம குழந்தைகளைத் தங்கவெச்சா 42-ஆம் பிரிவுல ஓராண்டு வரை சிறை, இல்லாட்டி குறைந்தது ஒரு லட்சம் அபராதம், ரெண்டுமே கூட வரலாம். "நல்ல மனசு"ன்னு எழுத எந்த ஃபாரத்துலயும் கட்டம் கிடையாது.

டிரஸ்ட் பதிவு டிரஸ்ட்டுக்குத்தான், இல்லத்துக்கு இல்ல. பெண்களுக்குன்னு தனி இல்லம் நடத்தினா 2014 தமிழ்நாடு பெண்கள், குழந்தைகள் விடுதிகள், இல்லங்கள் சட்டப்படி கலெக்டர் உரிமம் வேணும்.

மழைத்தூறல்: 2007 மூத்த குடிமக்கள் சட்டத்துல மாவட்டத்துக்கு ஒரு இல்லம், 150 பேருக்குன்னு இருக்கே?

பழைய_குமாஸ்தா: அது 19-ஆம் பிரிவு, அரசு தொடங்குறதுக்கு. அதுவும் "தொடங்கலாம்"தான்.

நத்தம்ரோடு: 1098-ல பேசிட்டேன், வர்றாங்க. பையன் ஒரு பாட்டி முந்தானையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறான்.